உங்களுக்குத் தெரியுமா? அரிசிமணி உயரத்தில் ஒரு படை

மேசையில் குட்டிப் பொம்மைப் படைகளை நகர்த்தி, பழைய போர்களை மீண்டும் நடத்தும் விளையாட்டுக்கு மூதாதை நம் சதுரங்கம்தான்!

• ‘சதுரங்கம்’ என்றால் நான்கு உறுப்பு. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நாற்படையே அதன் காய்கள்.

• 1780இல் ஜெர்மனியரான ஹெல்விக் சதுரங்கப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்தார். பீரங்கியும் களமிறங்கியது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி செம்மைப்படுத்திய போர் விளையாட்டைப் பிரஷ்ய இராணுவம் அதிகாரிகளின் பயிற்சிக்கே எடுத்துக்கொண்டது.

• 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களுக்கான விதிகளை நூலாக்கினார். அவரது களத்தில் விளையாட்டுப் பீரங்கிகள் உண்மையாகவே சுட்டன.

• இன்று பொம்மை வீரர்களின் பரவலான அளவு 28 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் வீரர்களும் உண்டு. கிட்டத்தட்ட ஓர் அரிசிமணி உயரம்!

• இந்த மேசைகளில் நெப்போலியன் போர்களுக்குத் தனி மவுசு. அவை தொடங்கிய அதே 1803இல்தான் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் டிரிபேர்க்கின் பிரித்தானியப் படையிடம் தோற்றான்.