உடலின் காவலர்கள் – 14: பாசி கொடுத்த வெளிச்சம்

மைக்ராஸ்கோப்பில் லிம்போசைட்டுகள் எல்லாம் ஒரே அச்சு. ஆளைப் பிரிக்க மேல்தோலில் இருக்கும் ரிசெப்டரைத்தான் பிடிக்க வேண்டும் என்று போன வாரம் நிறுத்தினேன். இந்த வாரம் சிடி4 எண்ணிக்கை, அதாவது சிடி4 என்ற ரிசெப்டர் உள்ள டி செல் லிம்போசைட்டுகளின் கணக்கு.

நியூ ஜெர்சியில் நான் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து ராரிட்டன் காரில் முக்கால் மணி நேரம். அங்கே ஆர்த்தோ நிறுவனத்தில் பேட்ரிக் குங்கும் கிடியன் கோல்ட்ஸ்டைனும் உருவாக்கிய, ரிசெப்டரைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் 1979இல் வெளியுலகுக்கு வந்தன. ஓகேடி3, ஓகேடி4 என்று பெயர். ஆர்த்தோவுக்கு ஓ, குங்குக்கு கே, டி செல்லுக்கு டி. முதலாவது, டி செல் ரிசெப்டரோடு ஒட்டியே இருக்கும் சிடி3ஐப் பிடிக்கும், இரண்டாவது சிடி4ஐ.

பிடித்தால் போதுமா, தெரிய வேண்டாமா? ஆல்பர்ட் கூன்ஸ் 1941லேயே ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துவிட்டார். பின்னால் வந்த ஃப்ளோரசீன் பச்சையாக ஒளிர்ந்தது. ஒரே செல்லில் இரண்டு ரிசெப்டரைப் பார்க்க இன்னொரு நிறம் வேண்டும். ஃப்ளோரசீனை ஒளிரவைக்கும் அதே நீல லேசருக்கே அதுவும் ஒளிர்ந்தால் இன்னும் நல்லது.

அந்த நிறம் சிவப்புக் கடல்பாசியில் இருந்தது! நான்கு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. கடலில் இறங்க இறங்கச் சிவப்பு வெளிச்சம் முதலில் மங்கிவிடும். மிஞ்சும் நீலத்தையும் பச்சையையும் வாரிக்கொள்ளப் பாசி வைத்திருக்கும் புரதம்தான் ஃபைக்கோஎரித்ரின். வாரியதை அடுத்தடுத்துக் கைமாற்றிக் குளோரோஃபில்லிடம் சேர்த்துவிடும். பாசியிலிருந்து பிரித்தெடுத்தால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. அத்தனையையும் ஆரஞ்சு ஒளியாக விட்டுவிடுகிறது. ஒரு மூலக்கூறுக்குள் ஒளி பிடிக்கும் துண்டுகள் முப்பதுக்கும் மேல்; பளிச்சிடக் கேட்கவா வேண்டும்? இதை ஆன்டிபாடியோடு இணைக்கலாம் என்று 1982இல் காட்டியவர்கள் கலிஃபோர்னியாவின் வெர்னான் ஓய், அலெக்சாண்டர் கிளேசர், லூபர்ட் ஸ்ட்ரையர். மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் முங்கி எடுத்து வருகிறார்களே கஞ்சிப்பாசி, அதிலும் இதே நிறமி உண்டு. அங்கே அது அகர் காய்ச்சத்தான் போகிறது.

வெளிச்சத்தைப் பிடிக்கப் பிறந்த இந்தப் புரதத்தை லேபில் வெளிச்சம் படாமல்தான் காப்பாற்ற வேண்டும். ஆன்டிபாடி கலந்ததும் டியூபை அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸில் அரை மணி நேரம் வைப்போம். ஃப்ரீசர் ஆகவே ஆகாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், புதிதாக வந்த குப்பியை நல்லெண்ணத்தில் யாரோ மைனஸ் இருபதில் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் செல்களை எண்ணும் கருவியின் திரையில், செல்லுக்கு ஒன்றாக விழும் புள்ளிகள் எல்லாம் இடது மூலையிலேயே கிடந்தன. ஒரு செல்கூட ஒளிரவில்லை. நோயாளியின் ரத்தம் வீணானதுதான் இன்றும் உறுத்துகிறது.

சிடி4 எண்ணிக்கைக்கு இடமில்லாமல் போய்விட்டது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றைக் கண்டறிந்த இடத்திலிருந்து, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200 சிடி4 செல்கள் என்ற எண் ஏன் அத்தனை பேரைத் தூங்கவிடாமல் செய்தது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.