அமிர்தகழிச் சிறுவருக்குச் சீன மொழி: எங்கிருந்து தொடங்குவது?

காலி நகரில் 1911 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட கற்பலகையொன்றில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயினால் கொண்டு வரப்பட்டதாகும். அவர் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. கொழும்பு தேசிய நூதனசாலையில் அக்கல் இன்றும் உள்ளது.

இதற்கு 612 ஆண்டுகளின் பின்னர், 2021 மே மாதத்தில், சட்டமா அதிபர் திணைக்கள நூலகத்தின் பெயர்ப்பலகையொன்றில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இடம்பெற, தமிழ் விடுபட்டது. கண்டனங்களையடுத்து அப்பலகை அகற்றப்பட்டது. அன்றெழுந்த கோபம் நியாயமானதே. ஆயினும், பலகையில் தமிழைச் சேர்க்க வேண்டிய கடமை இந்நாட்டு நிர்வாகத்திற்குரியது. சீனம் படிக்க விரும்பும் பிள்ளை அதற்குப் பொறுப்பாளியல்ல.

மாமாங்கேஸ்வரர் ஆலயச் சூழலில் வளரும் அமிர்தகழிப் பிள்ளைக்கோ, அயலிலுள்ள காத்தான்குடிப் பிள்ளைக்கோ ஆரம்ப வகுப்பில் மண்டரின் கற்பிக்க முற்படின், முதலில் பழக்க வேண்டியது காதையேயாகும். மண்டரினில் நான்கு தொனிகள் உள்ளன. 'மா' என்பதைச் சமமாக நீட்டினால் தாய், உயர்த்தினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென இறக்கினால் ஏசுதல். நமது பிள்ளைகளும் 'ஓம்' என்பதை ஒப்புதலாகவும், கேள்வியாகவும், சந்தேகமாகவும் வெவ்வேறு தொனிகளிற் சொல்லவே செய்கின்றனர். ஆனால், எப்படிச் சொன்னாலும் அது 'ஓம்' என்ற சொல்தான். சீனத்திலோ தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். இவ்வேறுபாட்டை இலக்கணமாக விளக்காது, பாட்டாலும் விளையாட்டாலும் உணர்த்துவதே உகந்தது.

அடுத்த சிக்கல் மூச்சொலி. 'எட்டு' என்பதற்கான 'பா' மூச்சின்றி ஒலிக்கும். மூச்சுடன் ஒலித்தால் அது வேறு சொல்லாகும். இரண்டுக்கும் தமிழில் உள்ளது ஒரே 'ப'கரம். எனவே, சீனச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி மனனஞ்செய்யும் பழக்கம் உச்சரிப்பைக் கெடுத்துவிடும். உதட்டின் முன் மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பிடித்து, அது அசைகிறதா எனப் பார்க்கச் செய்வது எளிய பயிற்சி. 1958 இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் எனும் ரோமன் எழுத்துமுறையைக் கூட முதலிரு வகுப்புகளில் புகுத்தாதிருப்பதே நன்று. ஆங்கில எழுத்தையே இன்னும் பழகி முடிக்காத பிள்ளைக்கு அது குழப்பத்தையே தரும்.

எமது பிள்ளைகளுக்குச் சில அனுகூலங்களும் உண்டு. குர்ஆன் மதரஸாவில் எழுத்துகளின் பிறப்பிடமறிந்து ஓதப் பழகிய பிள்ளைக்கு ஒலியை நுணுகிக் கேட்பது புதிதன்று. தேவாரத்தைப் பண்ணோடு பாடும் பிள்ளைக்கும் அவ்வாறே. எண்களிலும் ஒற்றுமையுண்டு: பதினொன்றைச் சீனர் 'பத்து ஒன்று' என்பர், இருபது 'இரண்டு பத்து'. நமது தொண்ணூறு இவ்வொழுங்கை மீறும், சீனத்தில் அம்மீறல் இல்லை. எழுத்திலும் ஓர் உறவு தென்படுகின்றது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபைப் போன்று, சீனத்து ஹுய் முஸ்லிம்களும் தம் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அதற்குச் சியாவோர்ஜிங் என்று பெயர்.

சீன எழுத்துருக்களைப் படமாகவே அறிமுகஞ்செய்யலாம். ஒரு மரம் வரைந்தால் மரம், இரண்டு சேர்ந்தால் தோப்பு, மூன்றானால் காடு. மரத்தருகே மனிதனை வைத்தால் ஓய்வு. பத்திரிகை வாசிக்க இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துருக்கள் வேண்டும். ஆரம்ப வகுப்பில் ஆண்டுக்கு முப்பது போதும்.

ஆசிரியர் விடயமே கடினமானது. களனிப் பல்கலைக்கழகத்தில் சீனமொழி கற்பிக்கப்படுகின்றது. கன்பூசியஸ் நிறுவனமும் அங்கு இயங்கி வந்துள்ளது. மட்டக்களப்பிலிருந்து அது நெடுந்தூரம். தொனி சரியாக வராத ஆசிரியரிடம் தொடங்குவதிலும் தொடங்காதிருத்தலே மேல். பிழையாகப் பதிந்த ஒலியைப் பின்னர் திருத்துவது பெரும்பாடு. சிங்களத்தைப் பின்தள்ளிவிட்டுச் சீனத்துக்கு நேரம் ஒதுக்குவதும் தகாது, ஏனெனில் அரச அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் நாளை அப்பிள்ளைக்கு முதலில் உதவப்போவது சிங்களமே. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாலைவேளைகளிலும் வகுப்புகளுக்கு அலையும் பிள்ளைக்கு இன்னொரு வினாத்தாள் வேண்டாம். வாரத்தில் இரு தடவைகள், அரைமணி நேரம், புள்ளிகளின்றி நடத்தினால் போதுமானது.