எண்பதோடு நிறுத்துங்கள்

2012-இன் மின்வெட்டைக் காரியாபட்டியில் இருந்து அனுபவித்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ச் சார்ஜரைச் செருகுவோம். நூறு தொட்ட பிறகும் உருவ மாட்டோம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் கழிந்த நாட்கள் உண்டு. பேட்டரியில் கிடப்பதுதான் நம்முடையது என்ற காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் விலையில்லா மடிக்கணினி ஊருக்குள் வந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம். எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகத் தொட்ட லினக்ஸ் அதுதான். பாடத்துக்காகத் திறந்தார்களோ இல்லையோ, சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதற்காகத் திறந்தார்கள்.

போன மாதம் உறவுக்காரப் பையன் ஒருவன் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, சார்ஜரை உருவுனா அரை மணி நேரம்கூட நிக்க மாட்டேங்குது" என்றான். கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். லேசாகப் புடைத்திருந்தது. ஓட்டு வீட்டுத் திண்ணையில், இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்த கணினி. வீங்கிய பேட்டரியைக் குத்துவதோ அழுத்துவதோ கூடாது. உடனே கழற்றி மாற்றக் கடைக்கு அனுப்பினேன்.

லித்தியம் அயான் பேட்டரி செத்துப்போவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: முழுதாக நிரம்பிக் கிடப்பது, சூட்டில் கிடப்பது. ஒரு செல் நிரம்பும்போது சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கிறது. அந்த அழுத்தத்திலேயே நாள் கணக்கில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் திரவம் மெல்லச் சிதையும், வாயு சேரும், உறை உப்பும். வெயில் அதை வேகப்படுத்தும். பட்டாசு மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும் என்பது தெரிந்த மாவட்டம் நம்முடையது. வேதிப்பொருளுக்குச் சூடு ஆகாது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேட்டரிக்குள் இருப்பதும் வேதிப்பொருள்தான் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

கரண்ட் இப்போது பெரும்பாலும் போவதில்லை. ஆகவே அன்றைய பழக்கத்தை அப்படியே தலைகீழாக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு நான் நம்புவது டிஎல்பி என்ற நிரல். டெபியன், உபுண்டு இரண்டிலும் வழக்கமான தொகுப்புகளோடு கிடைக்கும். நிறுவிய பிறகு அதன் அமைப்புக் கோப்பைத் திறந்தால், பேட்டரி எத்தனை சதவீதத்துக்கு இறங்கினால் சார்ஜ் ஏறத் தொடங்க வேண்டும், எத்தனையில் நிற்க வேண்டும் என்று இரண்டு வரிகள் இருக்கும். முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை எடுத்துவிட்டு 75, 80 என்று போடுங்கள். சார்ஜர் செருகியே கிடந்தாலும் எண்பதோடு நின்றுவிடும். எல்லாக் கணினியிலும் இது நடக்காது. வன்பொருள் இடம் கொடுக்க வேண்டும். திங்க்பேடில் இரண்டு எல்லையும் வேலை செய்யும், பல ஆசுஸ் கணினிகளில் மேல் எல்லை மட்டும். இன்னொரு எச்சரிக்கை: மின்சாரச் சுயவிவரங்களைக் கவனிக்கும் வேறு சேவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். ஒரு மாட்டுக்கு இரண்டு பேர் கயிறு பிடிக்கக் கூடாது.

செலவைக் குறைப்பது தனிக் கணக்கு. 48 வாட்-மணி கொள்ளும் பேட்டரி, 16 வாட் இழுக்கும் கணினிக்கு மூன்று மணி நேரம் வரும். 8 வாட்டாகக் குறைத்தால் ஆறு. எது இழுக்கிறது என்று தெரியாமல் எதையும் அணைக்காதீர்கள். இன்டெல்காரர்கள் 2007-இல் வெளியிட்ட பவர்டாப் அதைக் காட்டும். சார்ஜரை உருவிவிட்டு ஓட்டினால்தான் மொத்தம் எத்தனை வாட் போகிறது என்ற எண் வரும். சும்மா இருக்கும் செயலியை நொடிக்கு எத்தனை முறை எந்த நிரல் தட்டி எழுப்புகிறது என்றும் பட்டியல் போடும். அநேகமாகத் திரை வெளிச்சமும், திறந்தே கிடக்கும் பிரவுசர் பக்கங்களும்தான் முதலில் மாட்டும். பவர்டாப்பில் செய்யும் மாற்றம் கணினியை அணைத்தால் போய்விடும்; நிலைக்க வேண்டியதை டிஎல்பியிடம் விடுங்கள்.

பையனுக்குப் புதுப் பேட்டரி போட்டு, எண்பதில் நிறுத்திக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவன் முகம் வாடிவிட்டது. "அப்ப ஷட்டவுன் அன்னைக்கு என்னண்ணே பண்றது?" நியாயமான கேள்வி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை அறிவிப்பு வராத மாதம் உண்டா? அதற்கும் வழி இருக்கிறது. முதல் நாள் ராத்திரி டெர்மினலில், ஆங்கில எழுத்தில், சூடோ டிஎல்பி ஃபுல்சார்ஜ் என்று அடித்தால் அந்த ஒரு முறை நூறு வரை ஏறும். அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது பழைய எல்லைக்கே திரும்பிவிடும். அந்த மூன்று சொல்லையும் அவன் நோட்டுப் பின்னட்டையில் எழுதிக்கொண்டான். திண்ணையிலிருந்து மேசையை உள் அறைக்கு மாற்றச் சொன்னதையும் அதன் கீழேயே எழுதினான்.