விளக்கு வெளிச்சத்தில் ஓடும் கால்குலேட்டர்

மளிகைக் கடையானாலும் சரி, சம்பளப் பட்டியல் போடும் ஆபீஸானாலும் சரி, மேஜை மீது ஒரு கால்குலேட்டர் இல்லாமல் காரியம் நடப்பதில்லை. அவற்றில் பலவற்றின் நெற்றியில் கருஞ்சிவப்பாக ஒரு சிறு பட்டை இருக்கும். அதுதான் சூரிய மின்கலம். வெயிலே எட்டிப் பாராத அறையில் அது எப்படி வேலை செய்கிறது?

உச்சி வெயிலின் பிரகாசம் சுமார் 1 லட்சம் லக்ஸ். நல்ல விளக்குள்ள ஆபீஸ் மேஜை மீது விழுவதோ 500 லக்ஸ்தான். வெயிலில் 200-இல் ஒரு பங்கு! நமது கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்து கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை.

மாடியில் வைக்கும் சூரியப் பலகைகள் படிகச் சிலிக்கானால் ஆனவை. மங்கலான வெளிச்சத்தில் அவை சோர்ந்துவிடும். 1976-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் கார்ல்சன், ரான்ஸ்கி என்ற விஞ்ஞானிகள், படிகமாகாத சிலிக்கானை மெல்லிய படலமாக்கி மின்கலம் செய்து காட்டினர். டியூப் லைட் ஒளிக்கு இது பொருத்தமாக அமைந்தது. 1980-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் கால்குலேட்டர்களுக்காக இத்தகைய கலங்களைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது.

சிக்கனமே ரகசியம்

பெருமை முழுவதும் மின்கலத்துக்கே உரியதல்ல. ஆரம்ப காலக் கால்குலேட்டர்களில் எண்கள் தாமே ஒளிவிட்டன, பாட்டரியை விழுங்கின. பின்னர் வந்த திரவப் படிகத் திரை தானாக ஒளி வீசுவதில்லை. தன் மீது விழும் வெளிச்சத்தைக் கொண்டே எண்ணைக் காட்டுகிறது. அதற்கு ஒரு வாட்டில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். வரவு சிறிது, செலவு அதனினும் சிறிது. குடும்பம் ஓடுவது போலத்தான்!

இதே முறையில் 2021-இல் சாம்சங் நிறுவனம், அறை வெளிச்சத்திலும் சார்ஜ் ஆகும் டி.வி. ரிமோட்டை வெளியிட்டது.

செல்போனுக்கு ஆகுமா?

ஆகாது. உள்ளங்கையளவு, அதாவது 100 சதுர சென்டிமீட்டர் கலம், ஆபீஸ் வெளிச்சத்தில் தருவது சுமார் ஒரு மில்லிவாட். செல்போன் பாட்டரி நிரம்ப ஏறக்குறைய 15 வாட்-மணி வேண்டும். இரவு பகலாக விளக்கு எரிந்தாலும் 600 நாட்களுக்கு மேல் பிடிக்கும். ஆகவே, முதுகில் சூரியப் பலகை ஒட்டிய பவர் பேங்க் அறைக்குள்ளேயே நிரம்பிவிடும் என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

வாங்கும்போது கவனம்

மலிவான கால்குலேட்டர்கள் சிலவற்றில் அந்தப் பட்டை வெறும் அலங்காரம். உள்ளே இருக்கும் பட்டன் செல்தான் எல்லாம் செய்யும். பட்டையை விரலால் முழுவதும் மூடிப் பாருங்கள். சில விநாடிகளில் எண்கள் மங்கினால், அது வெளிச்சத்தில் ஓடுகிறது. மங்காவிட்டால் உள்ளே செல்லும் இருக்கிறது என்று அர்த்தம். செல்லைக் கழற்றிய பிறகும் விளக்கடியில் கணக்குப் போட்டால் பட்டை அசல். போடாவிட்டால், அது கொடுத்த காசுக்கு ஒட்டிய பொட்டு!