பிரிகென்: பெர்கன் துறைமுகத்தின் மரக் கட்டடங்கள்

பிரிகென் என்பது நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரின் பழைய துறைமுகப் பகுதி ஆகும். 1979இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சுற்றுலாக் கப்பல்கள் அணையும் துறையிலிருந்து பெர்கன்ஹூஸ் கோட்டை வழியாக நடந்தே இங்கு வந்துவிடலாம். ஆகவே சில மணி நேரம் மட்டுமே கரையில் தங்குவோரும் இதனை நிதானமாகப் பார்க்க முடியும்.

கடலை நோக்கி நிற்கும் வண்ண முகப்புகளைப் படமெடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகின்றனர். ஆனால் அந்த வரிசையில் மீன் சந்தைப் பக்கம் இருப்பவை பழைய மர வீடுகள் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர வீடுகளை இடித்துவிட்டு, அதே சாயலில் எழுப்பப்பட்ட செங்கல் கட்டடங்கள் அவை. உண்மையான பிரிகெனைக் காண, மர வீடுகளுக்கு இடையே பலகை பாவிய குறுகிய சந்துகளுக்குள் நுழைய வேண்டும்.

ஏறத்தாழ 1360 முதல் 1754 வரை ஹான்சா கூட்டமைப்பின் ஜெர்மானிய வணிகர்கள் இங்கே அலுவலகம் நடத்தினர். வட நோர்வேயிலிருந்து வந்த, உப்பிடாமல் காற்றில் உலர்த்திய காட் மீன் கருவாட்டை வாங்கி, பதிலுக்குத் தானியம் கொடுத்தனர். வணிகர்களுக்கும் அவர்களிடம் தொழில் பழகிய இளைஞர்களுக்கும் இங்கே திருமணம் செய்துகொள்ள அனுமதி இல்லை. தீ விபத்துக்கு அஞ்சி, மர வீடுகளுக்குள் அடுப்பு மூட்டவும் தடை இருந்தது. சமைப்பதற்கும் குளிர்காய்வதற்கும் பின்புறத்தில் தனிக் கூடங்கள் கட்டப்பட்டன.

இவ்வளவு எச்சரிக்கை இருந்தும் பிரிகென் பலமுறை எரிந்தது. 1702ஆம் ஆண்டுத் தீயில் ஏறக்குறைய முழுவதும் அழிந்தபோது, பழைய அடித்தளங்களின் மீதே பழைய அமைப்பில் மீண்டும் கட்டினர். எனவே இன்று காணும் மரங்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சந்துகளின் அமைப்போ இடைக்காலத்தது.

1955இல் மீண்டும் தீப்பிடித்து ஒரு பகுதி அழிந்தது. எஞ்சியதையும் இடித்துவிடலாம் என்று அப்போது சிலர் கருதினர். ஆனால் எரிந்த இடத்தில் தொடங்கிய அகழாய்வு பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஒவ்வொரு தீயும் விட்டுச்சென்ற சாம்பல் அடுக்கு, அதற்கு மேலும் கீழும் கிடைத்த பொருள்களின் காலத்தைக் கணிக்க உதவியது. இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டிக் கரையையே கடலுக்குள் நகர்த்தியிருந்ததும் தெரியவந்தது. ரூன் எழுத்துகள் பொறித்த மரத்துண்டுகளும் எலும்புகளும் 600க்கு மேல் கிடைத்தன. சரக்கு மூட்டையில் கட்டிய பெயர்ச்சீட்டுகள், காதல் செய்திகள் ஆகியவற்றுடன், ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லும் செய்தியும் அவற்றில் உண்டு. ரூன் எழுத்து கல்வெட்டுகளுக்கு மட்டும் உரியதன்று, சாதாரண மக்களும் அன்றாடம் எழுதினர் என்பதை இவை காட்டின. அகழாய்வில் கிடைத்தவற்றை பிரிகென் அருங்காட்சியகத்தில் காணலாம்.

இக்கட்டடங்களுக்கு நெருப்பு மட்டும் பகையன்று. அடியிலுள்ள மரங்களும் பழைய குப்பை அடுக்குகளும் நீரில் ஊறியிருக்கும் வரை மட்காது. எரிந்த மனையில் பின்னர் எழுந்த புதிய கட்டுமானத்தால் நிலத்தடி நீர் வடிந்தது; காற்றுப் புகுந்த அடுக்குகள் மட்கி, அருகிலிருந்த வீடுகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் இறங்கின. மழைநீரை நிலத்துக்குள் செலுத்தி நீர்மட்டத்தை உயர்த்தும் பணிகள் 2010களில் நடைபெற்றன. அடிமட்ட மரங்களைப் பகுதி பகுதியாக மாற்றும் வேலையும் நடந்துவருகிறது. சந்துகளில் சாய்ந்து நிற்கும் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் இந்த நில இறக்கமும் ஒரு காரணம்.