ஒரு நாட்டின் பாட்டு எப்படி மேடையேறுகிறது?
சித்தாண்டித் தயிர் முட்டியை வைத்து ஒரு விளக்கம்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போகும் வீதியில், வந்தாறுமூலையைத் தாண்டினால் சித்தாண்டி. முருகன் கோயிலுக்கும் பாலுக்கும் பெயர்போன ஊர். இந்த ஊரில் பல வீடுகள் ஒரு பெரிய விருந்துக்கு ஆளுக்கொரு தயிர் முட்டி அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்த முட்டி சிறந்தது என்று விருந்துக்கு வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். உலகின் மிகப் பெரிய பாட்டுப் போட்டியான யூரோவிஷன் நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2015இல் வியன்னாவில் அவுஸ்திரேலியாவுக்காகப் பாடியவர் கய் செபஸ்தியன். மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், தகப்பன் வழியில் இலங்கைத் தமிழர். அந்த மேடைக்கு அவர் எப்படிப் போனார்?

மேய்ச்சல் தரை: யார் அனுப்பலாம்?

தரை இல்லாமல் மாடு இல்லை, மாடு இல்லாமல் தயிர் இல்லை. சித்தாண்டியில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பாற்பண்ணையாளர்கள் 2023இல் தொடர் போராட்டம் தொடங்கியது இங்கேதான். யூரோவிஷனில் அந்தத் தரை, ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் உறுப்புரிமை. பாட்டை அனுப்புவது அரசாங்கம் அல்ல, அந்த ஒன்றியத்தைச் சேர்ந்த ஒளிபரப்பு நிறுவனம். அவுஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் நிறுவனம் அந்த ஒன்றியத்தின் இணை உறுப்பினர். 1983 முதல் போட்டியைத் தன் நேயர்களுக்குக் காட்டிவந்தது. போட்டியின் 60ஆம் ஆண்டையொட்டி 2015இல் அதற்கு அழைப்பு வந்தது.

பால்: எந்தப் பாட்டு?

முட்டிக்குப் பால் தெரிவுசெய்ய இரண்டு வழி. ஒன்று, வீட்டில் கைதேர்ந்த ஒருவர் பார்த்து, இந்தப் பால்தான் என்று முடிவெடுப்பது. 2015இல் எஸ்பிஎஸ் செய்தது அதுவே. மார்ச்சில் பாடகரின் பெயரை அறிவித்தது, பாட்டு அதன் பிறகு வெளியானது. செலவும் குறைவு, நேரமும் குறைவு. ஆனால் பிழைத்தால் முழுப் பழியும் அந்த ஒருவர் தலையில்தான் விழும்.

மற்ற வழி, பல பாலை உறைய வைத்து ஊரைக் கூட்டிச் சுவைக்கக் கொடுப்பது. சுவீடன் வாரக்கணக்கில் தொலைக்காட்சிப் போட்டி நடத்தித் தன் பாட்டைத் தெரிவுசெய்கிறது. அவுஸ்திரேலியாவும் 2019இல் கோல்ட் கோஸ்ட் நகரில் அப்படி ஒரு போட்டி வைத்தது. நடுவர்களுக்குப் பாதி, மக்களுக்குப் பாதி.

பால் பழசாகவும் இருக்கக்கூடாது. போட்டிக்கு முந்தைய ஆண்டு செப்டெம்பர் 1க்கு முன் வெளியான பாட்டை அனுப்ப முடியாது. மொழிக்கோ 1999 முதல் கட்டுப்பாடே இல்லை. 2016இல் வென்ற உக்ரேனின் ஜமாலா தன் பாட்டின் ஒரு பகுதியைக் கிரிமியத் தாத்தார் மொழியில் பாடினார். விதிப்படி தமிழிலும் பாடலாம்.

முட்டி: அளவு எவ்வளவு?

விருந்துக்கு வரும் முட்டிகள் எல்லாம் ஒரே அளவு. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. பாடகருக்கு 16 வயதாவது நிறைந்திருக்க வேண்டும். இசை பதிவாக ஒலிக்கலாம், முதன்மைக் குரல் மட்டும் நேரடியாகத்தான் வர வேண்டும். மண் முட்டி நீரை உறிஞ்சித் தயிரை இறுக்குவதைப்போல, இந்தக் கட்டுப்பாடு பாட்டை இறுக்குகிறது. நீண்ட முன்னிசைக்கும் ஆலாபனைக்கும் இடம் கிடையாது. முதல் அரை நிமிடத்திலேயே கேட்பவரைப் பிடித்தாக வேண்டும்.

உறை: மேடை வேலை

நல்ல பாலும் உறை தவறினால் கெட்டுப்போகும். சூடு ஆறாமல் உறை ஊற்றினால் திரியும், நன்றாகக் குளிர்ந்த பிறகு ஊற்றினால் உறையாது. பாட்டுக்கு அந்தப் பக்குவம் மேடையில் அமைகிறது. விளக்கு, உடை, ஆட்டம், எந்த வரியில் கமரா முகத்துக்கு வரும் என்பதையெல்லாம் அனுப்பும் நிறுவனமே திட்டமிட்டு, போட்டி நகரில் ஒத்திகை பார்த்துத் திருத்துகிறது.

நாக்கு: யார் தீர்ப்புச் சொல்வது?

தன் வீட்டு முட்டிக்குத் தானே புள்ளி போட முடியாது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு 12, 10, பிறகு 8 முதல் 1 வரை புள்ளி கொடுக்கும். இசைத்துறை நடுவர்கள் கைதேர்ந்த நாக்கு, தொலைபேசியில் வாக்களிக்கும் மக்கள் பந்தியின் நாக்கு. 2015இல் இரண்டையும் கலந்து ஒரே பட்டியலாகக் கொடுத்தார்கள். கய் செபஸ்தியன் 196 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பெற்றார்.

2016 முதல் இறுதிப் போட்டியில் இரண்டு நாக்குக்கும் தனித்தனிப் புள்ளி. அந்த ஆண்டே அதன் விளைவு தெரிந்துவிட்டது. அவுஸ்திரேலியாவின் டாமி இம்முக்கு நடுவர்கள் 320 புள்ளி கொடுத்து முதலிடத்தில் வைத்தார்கள், மக்களிடம் கிடைத்தது 191. மக்களிடம் முதலிடம் பிடித்த ரஷ்யாவுக்கு 361 கிடைத்தும் நடுவர்களிடம் 130தான் தேறியது. ஜமாலாவோ இரண்டு பக்கத்திலும் இரண்டாம் இடம்: 211, 323. கூட்டினால் 534. டாமி இம்முக்கு 511, ரஷ்யாவுக்கு 491. ஒரு பக்கத்தில்கூட முதலாவதாக வராதவர் வென்றார்.

பக்கத்து நாட்டுக்காரர் பக்கத்து நாட்டுக்கே போடுவார் என்ற பேச்சு வருடாவருடம் எழும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தயிர் உவமை இங்கே நின்றுவிடுகிறது, ஏனென்றால் தயிரைச் சுவைக்கும் நாக்குக்கு ஊர்ப்பாசம் கிடையாது. ஆனால் ஒரு நாட்டின் ஒரு நாக்கு தருவது கூடினால் 12தான் என்பதால், அயல்நாட்டு அன்பை மட்டும் நம்பி யாரும் வெல்ல முடியாது என்பதை மேலே உள்ள கணக்கே காட்டுகிறது.

இலங்கைக்கு உறுப்புரிமை என்ற அந்த மேய்ச்சல் தரை இல்லை. ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2012இல் சியோலில் முதல் தொலைக்காட்சிப் பாடல் விழாவை நடத்தியபோது இங்கிருந்தும் ஒரு பாட்டுப் போனது. அது புள்ளியில்லாத விழா. நாளை புள்ளியுள்ள போட்டி ஒன்றுக்கு நம் ஒளிபரப்பு நிறுவனம் பாட்டுத் தேடினால், கொழும்பில் நாலு பேர் கூடி முடிவெடுப்பதோடு நிறுத்தக்கூடாது. சித்தாண்டியிலிருந்தும் பாட்டுகளை வாங்க வேண்டும், சித்தாண்டிக்கும் வாக்கு வேண்டும். இரண்டு நாக்கிலும் தேறிய பாட்டைத்தான் அனுப்ப வேண்டும்.