ஆங்கிலச் சொல்வளம்: பொழுதுபோக்கு, நூதனசாலை, தொழில்

க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் வாசிப்புப் பகுதியாயினும் எழுத்துப் பகுதியாயினும் உங்களுக்குக் கைகொடுப்பது சொல்வளமே. ஆனால் சொற்களைப் பட்டியலாக மனனஞ் செய்வதால் மட்டும் பயனில்லை. தமிழில் நாம் ஒரே சொல்லால் குறிப்பதை ஆங்கிலம் இடத்துக்கேற்ப வெவ்வேறு சொற்களால் குறிக்கும். மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்திலேயே. சொற்களின் ஒலி இங்கு தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளது. எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்து உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. பொழுதுபோக்கு

‘பார்வையாளர்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் நான்கு சொற்களை அறிந்திருத்தல் வேண்டும்.

ஓடியன்ஸ் – மண்டபத்தில் நாடகம், இசை நிகழ்ச்சி முதலியவற்றைக் காணும் கூட்டம்
ஸ்பெக்டேட்டர்ஸ் – மைதானத்தில் விளையாட்டைக் காண்போர்
வியூவர்ஸ் – தொலைக்காட்சி பார்ப்போர்
விசிட்டர்ஸ் – நூதனசாலை, மிருகக்காட்சிச்சாலை ஆகியவற்றுக்கு வருவோர்

‘போர்ட்’, ‘போரிங்’ ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி அறியுங்கள். ‘ஐ ஆம் போர்ட்’ என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்பது பொருள். ‘ஐ ஆம் போரிங்’ என்று எழுதினால் நான் பிறருக்குச் சலிப்பூட்டுபவன் என்றாகிவிடும். ‘இன்ட்ரெஸ்டட்’, ‘இன்ட்ரெஸ்டிங்’ என்பனவும் இவ்வாறே. ‘த ஃபில்ம் இஸ் இன்ட்ரெஸ்டிங்’, ‘ஐ ஆம் இன்ட்ரெஸ்டட் இன் ஃபில்ம்ஸ்’ என்பனவே சரியானவை.

‘என்ஜோய்’ என்னும் வினையை அடுத்து வரும் வினை ‘இங்’ என முடியும். ‘ஐ என்ஜோய் வாட்சிங் ட்ராமாஸ்’ என்பது சரி. ‘ஐ என்ஜோய் டு வாட்ச்’ என்பது பிழை.

2. நூதனசாலை

கொழும்பு தேசிய நூதனசாலையை எடுத்துக்கொள்வோம். ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில் நிறுவப்பட்ட இது 1877 ஜனவரி 1 ஆம் திகதி திறக்கப்பட்டது. அங்கு சென்றால் முதலில் ‘என்ட்ரன்ஸ் ஃபீ’ எனப்படும் நுழைவுக் கட்டணத்தைச் செலுத்துவீர்கள். காட்சிக்கூடம் ‘கேலரி’ எனப்படும். அதிலுள்ள ஒவ்வொரு காட்சிப்பொருளும் ‘எக்ஸிபிட்’ ஆகும். பல பொருள்களைச் சேர்த்து நடத்தும் கண்காட்சியே ‘எக்ஸிபிஷன்’. அரும்பொருள்களுக்குப் பொறுப்பான அலுவலர் ‘கியூரேட்டர்’. பராமரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது இச்சொல்.

அங்கே கண்டி மன்னரின் சிம்மாசனம் உண்டு. அது ‘த்ரோன்’. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டும் உண்டு. கல்வெட்டு ‘இன்ஸ்கிரிப்ஷன்’, மும்மொழியிலானது ‘ட்ரைலிங்குவல்’. ‘ட்ரை’ என்றால் மூன்று, ‘பை’ என்றால் இரண்டு. எனவே ‘பைலிங்குவல்’ என்பதன் பொருளை நீங்களே கூறிவிடலாம்.

இக்கல்வெட்டு 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. இதனை ‘இட் வாஸ் ஃபவுண்ட் இன் கோல் இன் 1911’ என எழுதலாம். கண்டெடுத்தவரை விடப் பொருளே இங்கு முக்கியமாதலால் செயப்பாட்டு வினை வந்துள்ளது. நூதனசாலை பற்றிய பந்திகளில் ‘வாஸ் பில்ட்’, ‘வாஸ் ஓபன்ட்’, ‘இஸ் டிஸ்பிளேட்’ போன்ற வடிவங்களைத் துணிந்து கையாளுங்கள்.

3. தொழில்

‘எம்ப்ளோய்’ என்றால் வேலைக்கு அமர்த்துதல். ஈற்றில் ‘ஈ, ஆர்’ எழுத்துகள் வந்தால் அமர்த்துபவர்: ‘எம்ப்ளோயர்’. ‘ஈ, ஈ’ வந்தால் அமர்த்தப்படுபவர்: ‘எம்ப்ளோயீ’. பயிற்றுநர் ‘ட்ரெய்னர்’, பயிலுநர் ‘ட்ரெய்னீ’ என்பதும் இதே விதியே. வேலை தேடும் ஒருவர் இவ்வோர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், தாம் ஓர் ஊழியரைத் தேடுவதாகக் கூறியவராவார்.

‘ஜொப்’ எண்ணத்தக்க பெயர். எனவே ‘எ ஜொப்’ எனலாம். தொழில் என்னும் பொருளில் ‘வேர்க்’ எண்ணத்தகாதது; எனவே ‘எ வேர்க்’ என எழுதலாகாது. மாதச் சம்பளம் ‘சலரி’. நாட்கூலியும் வாரக்கூலியும் ‘வேஜஸ்’.

பதவி வெற்றிடம் ‘வேகன்சி’, விண்ணப்பம் ‘அப்ளிகேஷன்’, விண்ணப்பதாரி ‘அப்ளிகன்ட்’, தகைமை ‘குவாலிஃபிகேஷன்’, நேர்முகப் பரீட்சை ‘இன்டர்வியூ’. மைதானத்தில் நடுவராக வரும் ‘ரெஃபரீ’, விண்ணப்பத்தில் உங்களைப் பற்றிச் சான்று கூறுபவரைக் குறிக்கும்.

கடிதத்தை ‘டியர் சேர்’ எனத் தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என முடியுங்கள். பெறுநரின் பெயரைக் குறிப்பிட்டுத் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என முடியுங்கள்.

பயிற்சி

பின்வருவனவற்றுக்குப் பொருத்தமான ஆங்கிலச் சொல்லைத் தருக.

1. கிரிக்கெட் போட்டியை மைதானத்தில் காண்போர்
2. நூதனசாலையில் உள்ள ஒரு காட்சிப்பொருள்
3. ஊழியரை வேலைக்கு அமர்த்துபவர்
4. தொழிலுக்கு விண்ணப்பிப்பவர்
5. இரு மொழிகளிலான

விடைகள்: 1. ஸ்பெக்டேட்டர்ஸ் 2. எக்ஸிபிட் 3. எம்ப்ளோயர் 4. அப்ளிகன்ட் 5. பைலிங்குவல்

ஐந்தும் சரியாயின், ஒவ்வொரு சொல்லையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். வாக்கியத்தில் எடுத்தாண்ட சொல்லே பரீட்சை மண்டபத்தில் நினைவுக்கு வரும்.